வீடு என்று சொல்ல யாருக்கு உரிமை? புலம்பெயர்வுச் சிறுகதைகளில் முரண்நகை

1950-ஆம் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் மனநல மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளை மத அடிப்படையில் பிரித்துப் பரிமாறிக்கொண்டன. லாகூரில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் இந்தியப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து முஸ்லிம் நோயாளிகள் பாகிஸ்தானுக்குப் போனார்கள். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே பிடிபடாதவர்களை அவரவர் ‘சொந்த’ நாட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை இரண்டு அரசுகளும் நிர்வாகக் கடமையாகவே செய்து முடித்தன. சில ஆண்டுகளில் சாதத் ஹசன் மண்டோ இதை வைத்து ‘டோபா டேக் சிங்’ என்ற உருதுச் சிறுகதையை எழுதினார். கோபப்பட எவ்வளவோ இடமிருந்தும் மண்டோ கோபப்படவில்லை. அரசாங்கத்தின் நியாயத்தை அப்படியே ஒப்புக்கொண்டு, அது எங்கே போய் முடியும் என்பதை மட்டும் எழுதிக் காட்டினார்.

புலம்பெயர்வுக் கதை என்றதும் வாசக மனம் ஏக்கத்தை எதிர்பார்க்கிறது. விட்டுவந்த கிணற்றடி, முற்றத்து மரம், அம்மாவின் கைப்பக்குவம். இவையெல்லாம் பொய்யான உணர்வுகள் அல்ல. ஆனால் ஏக்கத்தை மட்டுமே நம்பி எழுதப்பட்ட கதையில் வீடு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. அது இருந்தது, பறிபோனது, அவ்வளவுதான். அந்த வீட்டில் யாருக்கு இடமிருந்தது, யார் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்கள், அதை வீடு என்று முதலில் சொன்னது யார் என்றெல்லாம் அந்தக் கதை கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்க விரும்பும் எழுத்தாளர்களுக்குக் கைகொடுக்கும் கருவி முரண்நகை.

மண்டோவின் ‘டோபா டேக் சிங்’, வி.எஸ். நைபாலின் ‘பலரில் ஒருவன்’, ஜும்பா லஹிரியின் ‘மூன்றாவது, இறுதிக் கண்டம்’ ஆகிய மூன்று கதைகளை முன்வைத்து இந்தக் கட்டுரை ஒரு வாதத்தைச் சொல்கிறது. ஒருவருக்கு வீடு தரும் அதிகாரம் உள்ளவையாக நாம் நினைப்பவை அரசு, குடியுரிமைச் சான்று, வாடகை ஒப்பந்தம், திருமணப் பதிவு போன்றவை. இந்தக் கதைகளில் அவற்றால் வீட்டைத் தர முடிவதில்லை. கிடைக்கும்போது, எந்த அதிகாரமும் இல்லாத யாரோ ஒருவரின் கையிலிருந்து அது கிடைக்கிறது. சில வேளை கிடைக்காமலே போகிறது. இந்த இடைவெளியை அளந்து காட்டுவதுதான் இங்கே முரண்நகையின் வேலை.

ஏன் முரண்நகை, ஏன் சிறுகதை

சொல்வது ஒன்று, பொருள் வேறு என்பது முரண்நகையின் எளிய வடிவம். எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்பது இன்னொன்று. பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவாக ஒரே நேரத்தில் இரண்டு அளவுகோல்கள் தேவை. புலம்பெயர்ந்தவரின் அன்றாடமே அப்படிப்பட்டதுதான். கடைக்குப் போய்ப் பால் வாங்கினால்கூட விலையை இரண்டு நாணயங்களில் கணக்குப் போடுகிறார். அங்கே மரியாதையாக இருந்த செய்கை இங்கே அசட்டுத்தனமாகிவிடுகிறது. ஆகவே முரண்நகையை எழுத்தாளர் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. அந்த வாழ்க்கையிலேயே அது இருக்கிறது.

நாவலுக்குக் காலம் துணை நிற்கிறது. இரண்டு தலைமுறை ஓடிவிட்டால் அந்நிய ஊரும் சொந்த ஊராகிவிடும். அளவுகோல்கள் ஒன்றோடொன்று சமரசம் செய்துகொள்ளும். சிறுகதைக்கு அந்த அவகாசம் இல்லை. இரண்டு அளவுகோல்களும் மோதும் இடத்திலேயே அது நின்றுவிட வேண்டும். புலம்பெயர்வின் கூர்மையான கேள்விகள் பலவும் சிறுகதையில் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நின்றுகொண்டே இருந்தவன்

மண்டோவின் கதையில் பிஷன் சிங் 15 ஆண்டுகளாக லாகூர் மனநல விடுதியில் இருக்கிறான். அத்தனை ஆண்டுகளில் அவன் படுத்ததே இல்லை. எப்போதாவது சுவரில் சாய்வதோடு சரி. கால்கள் வீங்கிப்போயிருக்கின்றன. டோபா டேக் சிங் என்ற ஊரில் நிலபுலன் வைத்திருந்தவன். பரிமாற்றச் செய்தி பரவியதும் அவன் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி: டோபா டேக் சிங் எங்கே இருக்கிறது, இந்தியாவிலா, பாகிஸ்தானிலா? பதில் யாரிடமும் இல்லை. தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் இன்னொரு நோயாளி, இன்னும் உத்தரவு போடவில்லை, அதனால் அது இரண்டிலுமே இல்லை என்கிறான். ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டு, எந்த நாடும் வேண்டாம், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். ஐரோப்பியர் வார்டில் இருக்கும் இரண்டு ஆங்கிலோ இந்தியர்களின் கவலை வேறு: காலை உணவுக்கு ரொட்டி கிடைக்குமா, சப்பாத்திதான் தின்ன வேண்டியிருக்குமா?

இந்த இடங்களில் வாசகர் சிரித்துவிடுகிறார். ஆனால் விடுதிச் சுவருக்கு வெளியே, புத்தி தெளிந்தவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்தே எல்லைக்கோட்டு முடிவு வெளியானது. அதுவரை பஞ்சாபின் பல ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் கண் விழிக்கிறோம் என்று தெரியாது. பைத்தியங்களின் பேச்சு, அன்றைய அரசியலின் நேரடி அறிக்கையாக இருந்தது.

கதையின் மிக நுட்பமான இடம் கடைசிக் காட்சிக்கு முன்பே வந்துவிடுகிறது. பிஷன் சிங்கின் பழைய நண்பன் ஃபசல் தீன் அவனைப் பார்க்க வருகிறான். உன் குடும்பத்தார் எல்லோரும் நல்லபடியாக இந்தியா போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறான். மகள் ரூப் கௌர் பெயருக்கு வரும்போது பேச்சு தடுமாறுகிறது; பிறகு அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று முடிக்கிறான். அதற்கு மேல் மண்டோ ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. பிரிவினை நாட்களில் பெண்களுக்கு நேர்ந்தவற்றை அறிந்த வாசகருக்கு அந்தத் தடுமாற்றம் போதும். நலச்செய்திக்குள் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் நிலையில் தகப்பன் இல்லை. அதே ஃபசல் தீனிடம் ஊர் எங்கே என்று கேட்கும்போது, எப்போதும் இருந்த இடத்தில்தான் என்கிறான். எந்த நாட்டில் என்று வந்தவுடன் அவனுக்கும் குழப்பம்.

வாகா எல்லையில் ஊர் பாகிஸ்தானில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் பிஷன் சிங் கோட்டைத் தாண்ட மறுக்கிறான். விடியும் நேரத்தில் ஒரு அலறல். 15 ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தவன் குப்புற விழுந்து கிடக்கிறான். ஒரு பக்கம் இந்தியாவின் முள்வேலி, மறுபக்கம் பாகிஸ்தானின் முள்வேலி, நடுவில் எவருக்கும் சொந்தமில்லாத அந்தத் துண்டு நிலம்தான் டோபா டேக் சிங் என்று கதை முடிகிறது. ஊரை ஊர் என்று சொல்லும் உரிமையை இரண்டு அரசுகளிடமிருந்தும் பிடுங்கி, ஒரு மனநோயாளியின் உடலுக்கு மண்டோ கொடுத்துவிடுகிறார்.

கதைக்கு வெளியேயும் முரண் தொடர்கிறது. சீக்கியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்த நகரம் இன்றும் பாகிஸ்தான் பஞ்சாபில் அதே பெயரோடு இருக்கிறது. லுதியானா மாவட்டத்துச் சம்ராலாவில் பிறந்து, பம்பாயைத் தன் ஊராக நினைத்த மண்டோ 1948 ஜனவரியில் லாகூர் போனார். பிரிவினைக்கு முன்னும் பின்னும் ஆபாச வழக்குகளைச் சந்தித்தார். குடிநோய்க்காக லாகூர் மனநல மருத்துவமனையிலேயே சிகிச்சையும் பெற்றார். 1955-இல் இறந்தவருக்கு 2012-இல் பாகிஸ்தான் தன் உயர் விருதுகளில் ஒன்றை வழங்கியது.

நடைபாதையில் இருந்தது, வீட்டில் இல்லை

டிரினிடாடுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த நைபால், 1971-இல் புக்கர் பரிசு பெற்ற ‘இன் எ ஃப்ரீ ஸ்டேட்’ நூலில் சந்தோஷ் என்ற சமையல்காரனின் கதையைச் சொல்கிறார். பம்பாயில் ஒரு அரசு அதிகாரியின் வீட்டில் வேலை. மனைவி மக்கள் மலையூரில். இரவானால் அவன் நடைபாதையில் நண்பர்களோடு படுத்துக்கொள்வான். பெரிய மனிதர் வீட்டு ஆள் என்பதால் அந்தத் தெருவில் அவனுக்கு ஒரு மதிப்பு. முதலாளிக்கு வாஷிங்டனில் பணி கிடைத்ததும் அவனும் கூடவே போகிறான்.

அங்கே அவன் தூங்கக் கிடைப்பது ஒரு அலமாரி அறை. சம்பளத்தை டாலரில் கணக்குப் பார்த்தபோது, தான் எவ்வளவு சின்ன ஆள் என்பது விளங்குகிறது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது, தனக்கு ஒரு முகம் இருப்பது தெரிகிறது. ஒருநாள் முதலாளியை விட்டு ஓடி, பிரியா என்ற இந்தியரின் உணவகத்தில் வேலைக்குச் சேர்கிறான். சட்டப்படி அங்கே தங்க வழியில்லை என்றாகி, தான் அஞ்சியும் அருவருத்தும் பார்த்த ஒரு கறுப்பினப் பெண்ணை மணந்து குடியுரிமை பெறுகிறான். சுதந்திர மனிதன், அமெரிக்கக் குடிமகன், குடியிருக்க ஒரு வீடு. எல்லாம் கையில் இருக்கின்றன. அவனுக்கு மிஞ்சுவதோ, ஒரு முகத்துக்கும் உடலுக்கும் இத்தனை ஆண்டுகள் சோறும் துணியும் போட்டாக வேண்டும், பிறகு எல்லாம் முடிந்துவிடும் என்ற அறிவு மட்டும்.

கூரையே இல்லாத இடத்தில் வீடு இருந்தது. கூரையும் சட்டமும் சேர்ந்து அமைந்த இடத்தில் இல்லை. நைபாலின் முரண்நகை இதோடு நிற்கவில்லை. பம்பாய் நாட்களைச் சந்தோஷே நமக்குச் சொல்கிறான். அவன் பெருமையோடு விவரிக்கும் அந்த மதிப்பு, முதலாளியின் நிழலில் கிடைத்த மதிப்பு. அவன் இழந்ததாகச் சொல்லும் வீடு, தன்னை ஒரு தனி மனிதனாக எண்ணத் தேவையில்லாத அடிமைத்தனத்தின் சுகம். அவன் அழுகையை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. பழைய ஏக்கத்தின் அஸ்திவாரத்தையே சோதித்துப் பார்க்கும் கதை இது.

கதையில் வாஷிங்டன் எரியும்போது கறுப்பர்கள் தங்கள் வீடுகளுக்கு முன்னால் சகோதரர் என்று பொருள்படும் அடையாளச் சொற்களை எழுதுகிறார்கள், தீ வைப்பவர்கள் விட்டுவிடட்டும் என்று. சந்தோஷ் இப்போது குடியிருக்கும் வீட்டின் முன்னாலும் அந்தச் சொற்கள் உண்டு. யாருக்குச் சகோதரன் என்பது மட்டும் அவனுக்குப் புரியவில்லை. அவன் கேட்காமலே ஒரு சமூகம் அவனைத் தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அவனுக்கோ உள்ளே நுழையத் தெரியவில்லை.

விழுந்துவிட்ட கொடி

லஹிரியின் கதை இந்த இரண்டிலிருந்தும் விலகி நிற்பது. 2000-ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற ‘இன்டர்ப்ரெட்டர் ஆஃப் மேலடீஸ்’ தொகுப்பின் கடைசிக் கதை. கதைசொல்லி கல்கத்தாவிலிருந்து 1964-இல் கப்பலேறி லண்டன் போகிறான். 1969-இல் ஊருக்கு வந்து, பெரியவர்கள் பார்த்து வைத்த மாலாவை மணந்துவிட்டு, நூலக வேலைக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக்குப் போய்ச் சேர்கிறான். மாலாவின் விசா வரும்வரை, வாரம் 8 டாலர் வாடகைக்குத் திருமதி கிராஃப்ட் என்ற மூதாட்டியின் வீட்டில் ஒரு அறையில் தங்குகிறான். கிழவிக்கு வயது 103.

அப்போதுதான் மனிதன் நிலவில் கால் வைத்திருந்தான். தினமும் மாலையில் அவனைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நிலவில் அமெரிக்கக் கொடி பறக்கிறது என்கிறாள் கிழவி. பிரமாதம் என்று அவன் உரக்கச் சொல்ல வேண்டும். அது அவள் ஆணை. முதலில் கூச்சத்தோடும் பிறகு பழக்கத்தாலும் சொல்கிறான். விண்கலம் கிளம்பியபோதே அந்தக் கொடி சாய்ந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்த பிறகும் சொல்கிறான். அவளிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு நாட்டின் மிகப் பெரிய வெற்றிச் சின்னம் விழுந்துகிடப்பதை, அந்நாட்டுக்குப் புதிதாக வந்தவன் தெரிந்து வைத்துக்கொண்டு, அந்நாட்டின் மூத்த குடிமகள் மனம் நோகக்கூடாது என்று மறைக்கிறான். விருந்தாளி வீட்டுக்காரியைக் காப்பாற்றுகிறான். அவன் அந்த ஊரைச் சேர்ந்தவனாகத் தொடங்குவது அந்தச் சின்னப் பொய்யில்தான்.

பிறகு மாலா வருகிறாள். கணவனுக்கு அவள் இன்னும் அந்நியம். கடமைக்குத்தான் கூட இருக்கிறான். ஒருநாள் அவளைக் கிராஃப்ட் அம்மாவிடம் அழைத்துப்போகிறான். சேலையில் நிற்கும் மாலாவைக் கிழவி மேலும் கீழும் அளவெடுக்கிறாள். என்ன சொல்வாளோ என்று அவன் மனம் பதைக்கிறது. குறையொன்றும் இல்லாத பெண்மணி என்று தீர்ப்பு வருகிறது. கணவனும் மனைவியும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு யாருடையது என்று பார்க்க வேண்டும். 1866-இல் பிறந்தவள் கிராஃப்ட். 68 வயது மகள் கெண்டைக்கால் தெரியப் பாவாடை கட்டியதற்கே அவளைக் கண்டிப்பவள். மணமாகாத ஆணும் பெண்ணும் துணையில்லாமல் பேசுவது அவளுக்கு ஒழுங்கீனம். 1969-இன் பாஸ்டனில் அவளுடைய அமெரிக்கா எங்கேயும் இல்லை. காலத்தால் புலம்பெயர்ந்தவள் அவள். கணுக்கால்வரை சேலையும் அடக்கமுமாக வந்த வங்காளப் பெண், நிகழ்கால அமெரிக்காவின் கண்ணுக்கு அந்நியம். மறைந்துபோன அமெரிக்காவின் கண்ணுக்கோ இலட்சணமான பெண். வந்தவர்கள் பொருந்தியது இல்லாத ஒரு நாட்டோடு. ஆனாலும் அந்தப் பொருத்தம் அவர்களுக்கு இருக்கிற நாட்டில் ஒரு வீட்டைத் தந்துவிடுகிறது. மூன்று கதைகளில் இங்கே மட்டும்தான் முரண்நகை கனிந்து முடிகிறது.

அந்தக் கனிவுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருப்பதையும் மறக்கக்கூடாது. தேசவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம்தான் படித்த ஆசியர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது. முதலாளியை விட்டு ஓடிய சமையல்காரனுக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. லஹிரியின் நாயகன் புன்னகைப்பதும் சந்தோஷ் கசந்துபோவதும் வெறும் குணவேறுபாடு என்று சொல்லிவிட முடியாது.

தமிழில் இந்தக் கேள்வி

தலைகளை எண்ணிப் பங்கு பிரித்த அரசுகள் நமக்கும் புதிதல்ல. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை என்ன செய்வதென்று பிறகு பேசிக்கொள்ளலாம் என விட்டுவிட்டது. 1974-இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்து, கடலையே பார்த்திராதவர்கள் கப்பலேறி வந்தபோது, இந்திய அரசு அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று பதிவு செய்தது. அங்கே இந்தியத் தமிழர், கள்ளத்தோணி; நீலகிரிக்கு வந்தால் சிலோன்காரர்கள். மண்டோ இருந்திருந்தால் கற்பனையாக எதையும் சேர்த்திருக்கத் தேவையில்லை.

இவர்களுடைய முன்னோரின் பயணத்தை 1930-களிலேயே புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதினார். திருநெல்வேலிச் சீமையின் சேரியொன்றில் பிறந்த மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அவளுக்குப் பின்னால் ஏங்குவதற்கு ஒரு பொன்னான ஊர் இல்லை. முன்னால் பிழைப்பதற்கு ஒரு நல்ல ஊரும் இல்லை. ஊர் என்பதே சேரிக்காரர்களுக்கு எப்போதாவது சொந்தமாக இருந்ததா என்ற கேள்வியை அந்தக் கதை ஓசையில்லாமல் எழுப்பிவிடுகிறது.

ஈழப்போர் தொடங்கியதற்குப் பிந்தைய எழுத்தில் முரண்நகை வேறொரு இடத்தைப் பிடித்துக்கொண்டது: அகதி விண்ணப்பம். தஞ்சம் கேட்பவர், தன் ஊர் வாழத் தகுதியற்றது என்று ஓர் அந்நிய அதிகாரியின் முன் நிரூபித்தாக வேண்டும். எவ்வளவு மோசமாகச் சொல்கிறாரோ அவ்வளவு நல்லது. உயிருக்குயிராக நேசிக்கும் ஊரைப் பழித்தால்தான் இன்னோர் ஊரில் இடம். ஷோபாசக்தி தன் ‘கொரில்லா’ நாவலை இப்படியொரு விண்ணப்பத்தோடு தொடங்கியது தற்செயலல்ல.

சிரிப்பு யார் மேல் விழுகிறது

முரண்நகைக்கு ஒரு ஆபத்தும் உண்டு. இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்திருப்பவர் எழுத்தாளர் என்பதால், பாத்திரத்தை மேலிருந்து பார்க்கும் திமிர் எளிதில் வந்துவிடும். நைபாலின் கதையில் சந்தோஷ் மணக்கும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அவளுடைய இனத்தைச் சுட்டும் ஒரு சொல்லால் மட்டுமே அவள் குறிக்கப்படுகிறாள். அது சந்தோஷின் பார்வை, எழுத்தாளரின் பார்வையல்ல என்று வாதாடலாம். ஆனால் அவள் தரப்பில் வீடு என்ன ஆனது என்று பார்க்க ஒரு சன்னலைக்கூட கதை திறக்கவில்லை. இது அந்தக் கதையின் குறை என்பதே என் கருத்து. மண்டோவிடம் இந்தக் குறை இல்லை. அவருடைய பைத்தியங்களைப் பார்த்துத் தொடங்கும் சிரிப்பு, கதை முடிவதற்குள் கோப்புகளோடு நிற்கும் அதிகாரிகள் மேல் போய் விழுந்துவிடுகிறது. முரண்நகையின் தரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை: சிரிப்பு கடைசியில் பலமற்றவர் மேல் விழுகிறதா, அதிகாரத்தின் மேல் விழுகிறதா?

நாம் இதுவரை புலம்பெயர்வுக் கதைகளைப் பெரும்பாலும் போனவர்களாகவே நின்று படித்திருக்கிறோம். சிலோன், மலேயா, வளைகுடா, கனடா என்று எங்கே போனாலும் நாம்தான் நாயகர்கள். இன்று நிலைமை அதுமட்டுமல்ல. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவர்கள். அவர்களில் யாரோ ஒருவர் ஒருநாள் இந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல சிறுகதை எழுதுவார். அது எந்த மொழியில் எழுதப்பட்டாலும் அதில் வீட்டுக்காரர் நாம்தான். அதில் எப்படிப்பட்ட வீட்டுக்காரராக வர விரும்புகிறோம் என்பதை, அந்தக் கதை எழுதப்படுவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது.